0.1 சதவீதத்துக்குள் ஒளிந்திருந்தது என்ன? வீட்டு ஆம்ப்ளிஃபயர்களின் ஒலித்தரம்: ஒரு வரலாற்று நோக்கு

1945இல் இங்கிலாந்தில் ஹெரால்ட் லீக் தம் வால்வு ஆம்ப்ளிஃபயரை 'பாயின்ட் ஒன்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். மொத்தத் திரிபு 0.1 சதவீதம்தான் என்பது அவர் தந்த உறுதி. இருபதாண்டு கழித்து டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்களும் அதே எண்ணை விளம்பரத்தில் காட்டின. ஆனால், கேட்டவர்களில் பலர் ஒலி கரகரக்கிறது, சற்று நேரத்தில் காது சலித்துவிடுகிறது என்றார்கள். வால்வா, டிரான்சிஸ்டரா என்று இன்றும் ஓயாத வழக்கு அங்கே தொடங்கியது. அந்த வழக்குக்குக் காரணம் சாதனத்தைவிட அளவுகோலிலேயே அதிகம் இருந்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

லீக்கின் எண்ணைச் சாத்தியமாக்கியது எதிர்ப் பின்னூட்டம். பெல் ஆய்வகப் பொறியாளர் ஹெரால்ட் பிளாக், 1927 ஆகஸ்டில் ஹட்சன் ஆற்றைப் படகில் கடக்கும்போது கையிலிருந்த செய்தித்தாளில் குறித்துவைத்த யோசனை அது. வெளியீட்டின் ஒரு பகுதியைத் தலைகீழாக்கி உள்ளீட்டோடு சேர்த்தால் பெருக்கம் குறையும். திரிபும் அதே விகிதத்தில் குறையும். தொலைபேசிக் கம்பிகளுக்காகப் பிறந்த இந்த உத்தியை வீட்டுக்கூடத்துக்கு முழுமையாகக் கொண்டுவந்தவர் டி.டி.என். வில்லியம்சன். 1947இல் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் அவர் தந்த வடிவமைப்பு, கேடி66 வால்வுகளை டிரையோடாக இணைத்து 15 வாட் தந்தது. வெளியீட்டு மின்மாற்றியையும் உள்ளடக்கிய 20 டெசிபெல் பின்னூட்டம் திரிபைப் பத்தில் ஒரு பங்காக்கியது. அதற்கு ஈடுகொடுக்கும் மின்மாற்றியைச் சுற்றுவதுதான் கட்டியவர்களுக்குப் பெரும்பாடு.

0.1 என்பது, திரிபு புதிதாகச் சேர்க்கும் சீரிசைகளின் (மூல அதிர்வெண்ணின் மடங்குகளின்) கூட்டுத்தொகை. கூட்டியவை எவை என்பதை அது சொல்வதில்லை. ஆதார ஷட்ஜத்தின் இரண்டாம் சீரிசை மேல் ஷட்ஜம்; மூன்றாவது அதற்கு மேலுள்ள பஞ்சமம்; ஐந்தாவது, தம்புராவில் தானாக எழும் அந்தர காந்தாரம். இவை கலந்தால் ஒலி சற்றுத் தடிக்குமே தவிர, அபசுரமாகாது. ஏழாவது சீரிசையோ கைசிகி நிஷாதத்துக்கும் கீழே, எந்தச் சுரத்தானத்திலும் அமராமல் நிற்கும். ஒரே அளவு திரிபு, முற்றிலும் வேறான விளைவு. பிபிசி பொறியாளர் டி.இ.எல். ஷார்ட்டர் 1950இலேயே இதற்கொரு வழி சொன்னார்: ஒவ்வொரு சீரிசையையும் அதன் வரிசை எண்ணின் வர்க்கத்தில் நாலில் ஒரு பங்கால் பெருக்கிவிட்டுக் கூட்டுங்கள். அப்போது இரண்டாவதன் எடை 1. ஏழாவதன் எடை 12.25. இந்த முறையை விளம்பரத்துறை சீந்தவில்லை. சிறிய எண்ணை விட்டுப் பெரிய எண்ணை யார் அச்சிடுவார்கள்?

டிரான்சிஸ்டர் வந்தபோது அந்த அலட்சியத்தின் விலை தெரிந்தது. வெப்பத்தையும் செலவையும் குறைக்க, அலையின் மேல்பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப்பாதியை மற்றொன்றும் சுமந்தன. கைமாறும் இடத்தில் ஒரு சிறு முறிவு. எச்.சி. லின் 1956இல் தந்த சுற்று, இரு பாதிக்கும் ஒரே வகை டிரான்சிஸ்டரைப் பயன்படுத்த வழிசெய்தது. அதிலும் இரு பாதிகள் முழுதாகப் பொருந்தவில்லை. இம்முறிவு உயர்வரிசைச் சீரிசைகளை எழுப்பும். ஒலி தணியத் தணிய அதன் விகிதம் கூடும் என்பது இன்னும் மோசம். வால்வில் பொதுவாக ஒலி தணிந்தால் திரிபும் தணியும். முழுத் திறனில் மட்டும் அளந்தவர்களின் கண்ணில் இது படவில்லை. மெல்லிய வயலின் இசையை இரவில் கேட்டவர்களுக்குப் பட்டது.

குறை டிரான்சிஸ்டரில் இல்லை என்பதற்கு 1969இல் ஜான் லின்ஸ்லி ஹூட் வெளியிட்ட 10 வாட் 'கிளாஸ் ஏ' சுற்று நல்ல சான்று. எந்நேரமும் மின்னோட்டம் ஓடுவதால் அதில் கைமாற்றமே கிடையாது. வில்லியம்சன் கருவியை அளவுகோலாக வைத்தே அவர் அதை ஒப்பிட்டுக் கேட்டார்.

'குவாட்' ஆம்ப்ளிஃபயர்களைத் தயாரித்த பீட்டர் வாக்கர் வேறு வழியில் போனார். 1953இல் வால்வு குவாட் II, டிரான்சிஸ்டர் தேறும்வரை பொறுத்திருந்து 1967இல் 303, 1975இல் 405. மூன்றாவதில் ஒரு சிறிய, துல்லியமான ஆம்ப்ளிஃபயர், பாரம் சுமக்கும் பெரிய டிரான்சிஸ்டர்களின் பிழையை ஈடுசெய்தது. இம்மூன்றையும் மறைத்துவைத்துக் கேட்கச் செய்த சோதனையை 1978இல் ஜேம்ஸ் மொய்ர் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் எழுதினார். கேட்டவர்களால் வால்வையும் டிரான்சிஸ்டரையும் பிரித்தறிய முடியவில்லை. ஒரே பட்டறையின் மூன்று பிள்ளைகள். எனவே இம்முடிவை எல்லா ஆம்ப்ளிஃபயருக்கும் நீட்டுவது தவறு. ஆனாலும் சாதனத்துக்கென்று பிறவிக்குணம் ஒன்று உண்டு என்ற நம்பிக்கையை அது நன்றாகவே அசைத்தது.

உண்மையில் எளிதாகக் காதுக்கு எட்டும் வேறுபாடு ஒன்று உண்டு. திரிபோடு அதற்குத் தொடர்பில்லை. பின்னூட்டமற்ற ஒற்றை வால்வுக் கருவியின் வெளியீட்டு மின்தடை 2 ஓம் எனக் கொள்வோம். ஸ்பீக்கரின் மின்மறுப்பு சுருதிக்கேற்ப 4 முதல் 20 ஓம் வரை அலைந்தால், ஒலியளவும் அதனோடு ஏறத்தாழ 2.7 டெசிபெல் அலையும். 'வால்வின் இனிமை' என்று போற்றப்படுவதில் கணிசமான பகுதி, என் கணிப்பில், இதுவே. சுவிட்ச் முறையில் இயங்கும் 'கிளாஸ் டி' கருவிகளிலும் இதே சிக்கல் இருந்தது. 1964இல் சின்க்ளேர் விற்ற எக்ஸ்-10 காலத்தில் டிரான்சிஸ்டர்களுக்கு வேகம் போதவில்லை. பின்னாளில் வந்த பலவற்றில் வெளியீட்டு வடிகட்டி பின்னூட்ட வளையத்துக்கு வெளியே கிடந்ததால், ஸ்பீக்கருக்கேற்ப உச்சசுருதி மாறியது. பிலிப்ஸில் புருனோ புட்ஸீஸ் வடிகட்டியையும் வளையத்துக்குள் இழுத்த பிறகுதான் அந்த வகை வீட்டுக் கேட்புக்குத் தகுதி பெற்றது. வில்லியம்சன் தம் மின்மாற்றிக்குச் செய்ததும் அதைத்தான்.