பெயர் கூறாச் சான்றும் செய்தியின் மெய்ம்மையும்

ஒற்றரை ஆளும் முறையைக் கூறவந்த திருவள்ளுவர், ஒற்றன் ஒருவன் கொணர்ந்த செய்தியை அவ்வளவிலேயே நம்பிவிடாது, வேறோர் ஒற்றனைக் கொண்டும் ஆராய்ந்து கொள்ளுதல் வேண்டும் என்கிறார். அம்மட்டோடு அவர் நின்றாரல்லர். ஒற்றர்கள் ஒருவரையொருவர் அறியாவண்ணம் அவர்களை ஆளவேண்டும் என்றும், அங்ஙனம் தனித்தனியே சென்ற மூவரின் சொல்லும் ஒத்திருப்பின் அதனைத் தெளியலாம் என்றும் வரையறை செய்கின்றார். மன்னனுக்கு உரைத்த இந்நெறி, மறைவிலிருந்து வரும் சொல்லை ஏற்கவேண்டிய நிலையில் உள்ளோர் அனைவர்க்கும் பொருந்தும். இக்காலத்தில் அந்நிலையில் முதன்மையாக நிற்பவர் செய்தியாளரே.

ஆட்சியாளர் மீதான புலன் விசாரணைகளைப் பற்றிய செய்திகளுள் பல, தம் பெயரை வெளியிட விரும்பாதோர் கூறியவற்றைக் கொண்டே எழுதப்படுகின்றன. "நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவித்தன" என்னும் தொடர் நாளிதழ் படிப்போர்க்குப் பழகிப்போன ஒன்று. அத்தொடருக்குப் பின்னால் நிற்பது உண்மையா, வதந்தியா, பகைமையா என்பதை அறிவது எங்ஙனம்? 1972 முதல் 1974 வரை அமெரிக்காவை உலுக்கிய வாட்டர்கேட் வழக்கு இவ்வினாவிற்கு விடைதரும் வரலாறாகும். அவ்வரலாற்றில் செய்தியாளர் பெற்ற வெற்றி பலமுறை பேசப்பட்டுள்ளது. எனினும், அவர்கள் இழைத்த ஒரு பிழையே வெற்றியைவிட மிகுதியாகக் கற்பிப்பது எனலாம்.

நள்ளிரவுக்குப் பின் நடந்த திருட்டு

1972ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் விடியுமுன், வாஷிங்டன் நகரின் வாட்டர்கேட் கட்டடத்தில் அமைந்திருந்த ஜனநாயகக் கட்சியின் தலைமை அலுவலகத்தில் ஐவர் பிடிபட்டனர். கதவுப் பூட்டின் மீது ஒட்டப்பட்டிருந்த நாடாவைக் காவலாளி ஒருவர் கண்டு ஐயுற்றதே அவர்கள் அகப்படக் காரணமாயிற்று. ஒட்டுக்கேட்கும் கருவிகளும் புகைப்படக் கருவிகளும் அவர்களிடம் இருந்தன. ஐவருள் ஒருவராகிய ஜேம்ஸ் மெக்கார்டு, அதிபர் ரிச்சர்ட் நிக்சனின் மறுதேர்தல் குழுவில் பாதுகாப்புப் பொறுப்பு வகித்தவர். வெள்ளை மாளிகையோ இதனை மூன்றாந்தரத் திருட்டு முயற்சி என்று கூறி ஒதுக்கியது.

'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழின் செய்தியாளர்களான பாப் வுட்வர்ட், கார்ல் பெர்ன்ஸ்டைன் ஆகிய இருவரும் அவ்வாறு ஒதுக்கவில்லை. முப்பது வயது நிரம்பாத அவ்விருவரும் அவ்வழக்கின் பின்னணியைத் தொடர்ந்து ஆராய்ந்தனர். நிக்சனின் தேர்தல் நிதிக்கெனத் தரப்பட்ட 25,000 டாலர் காசோலை, பிடிபட்டவருள் ஒருவரின் வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டிருந்ததை ஆகஸ்டு 1ஆம் நாள் இதழ் வெளியிட்டது. இச்செய்தி காசோலை என்னும் ஆவணத்தின் மீது நின்றது. ஆதலின், அதனை எவராலும் எளிதில் மறுக்க இயலவில்லை.

வாய்திறக்க அஞ்சியோர்

அடுத்து வந்த செய்திகள் அத்தகையன அல்ல. மறுதேர்தல் குழுவில் பணியாற்றிய எழுத்தர்களையும் கணக்கர்களையும் செய்தியாளர் இருவரும் இரவு வேளைகளில் அவர்தம் இல்லங்களுக்கே சென்று சந்தித்தனர். உண்மையைக் கூறினால் வேலை பறிபோகும் என அவர்கள் அஞ்சினர். பெயரை வெளியிடுவதில்லை என்னும் உறுதிமொழி இன்றி அவர்களுள் பலர் பேசியிருக்கமாட்டார்கள்.

அவ்வுறுதிமொழிக்குச் சட்டத்தின் துணையும் திண்ணமாக இல்லை. வாட்டர்கேட் கைதுகள் நிகழ்ந்து பன்னிரண்டு நாள்களே சென்ற நிலையில், ஜூன் 29ஆம் நாள், அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பை வழங்கியது. குற்றச்சாட்டுக்குப் போதிய சான்று உண்டா என மூடிய அறையில் ஆராயும் கிராண்ட் ஜூரி அழைக்குமாயின், செய்தி தந்தவரைப் பற்றிச் சாட்சியம் கூற மறுப்பதற்குச் செய்தியாளர்க்கு அரசியலமைப்பு உரிமை இல்லை என ஐவர் ஒருபாலும் நால்வர் மறுபாலும் நின்று தீர்த்தனர். பெயரை மறைப்பதாக வாக்களித்த செய்தியாளர், அதற்காகச் சிறை செல்லவும் அணியமாக இருக்கவேண்டிய காலம் அது.

இந்நிலையில், நாளிதழின் நிர்வாக ஆசிரியர் பென் பிராட்லியும் அவருடைய துணையாசிரியர்களும் ஒரு நெறியைக் கைக்கொண்டனர். ஒருவர் மீது குற்றம் சுமத்தும் செய்தியைக் குறைந்தது இருவரேனும் உறுதிசெய்தல் வேண்டும் என்பதே அந்நெறி.

ஒரு பிழையும் அதன் விலையும்

நெறி இருந்தும் பிழை நேர்ந்தது. 1972 அக்டோபர் 25ஆம் நாள் இதழ், அதிபரின் தலைமை உதவியாளர் எச்.ஆர். ஹால்டமன், இரகசிய நிதியிலிருந்து பணம் வழங்க ஒப்புதல் தரும் அதிகாரம் பெற்ற ஐவருள் ஒருவர் என்று எழுதியது. தேர்தல் குழுவின் முன்னாள் பொருளாளர் ஹியூ ஸ்லோன், கிராண்ட் ஜூரியின் முன் இவ்வாறு சாட்சியம் அளித்தார் என்பது அச்செய்தியின் அடிப்படை.

அன்று காலையிலேயே ஸ்லோனின் வழக்கறிஞர் அதனை மறுத்தார். தம் கட்சிக்காரர் அவ்வாறு சாட்சியம் அளிக்கவில்லை என்றார். வெள்ளை மாளிகையின் செய்தித் தொடர்பாளர் ரான் சீக்லர் அந்நாளிதழைக் கடுமையாகச் சாடினார்.

நிகழ்ந்தது யாது? ஹால்டமனுக்கு அந்நிதியின் மீது அதிகாரம் இருந்ததை ஸ்லோன் அறிவார். அதனைச் செய்தியாளரிடம் குறிப்பாகப் புலப்படுத்தியும் இருந்தார். ஆனால், கிராண்ட் ஜூரியின் முன் அவ்வினா அவரிடம் எழுப்பப்படவே இல்லை. கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். செய்தியின் உட்பொருள் உண்மை. அதற்குக் காட்டப்பட்ட சான்றோ பொய்யாயிற்று.

அதனை உறுதிசெய்த முறையும் எண்ணத்தக்கது. புலனாய்வுத் துறை அலுவலர் ஒருவர் தாம் கேள்வியுற்றதையும் ஸ்லோனின் சாட்சியத்தையும் ஒன்றெனக் கருதித் தலையசைத்துவிட்டார். நீதித்துறை வழக்கறிஞர் ஒருவரிடமோ, பெர்ன்ஸ்டைன் தொலைபேசியில் ஒரு விசித்திரமான ஏற்பாட்டைச் செய்தார். தாம் பத்து வரை எண்ணுவதாகவும், செய்தி தவறானால் அதற்குள் தொலைபேசியை வைத்துவிடுமாறும், சரியானால் வையாது இருக்குமாறும் கூறினார். எண்ணி முடிந்தபோதும் மறுமுனை துண்டிக்கப்படவில்லை. ஆனால், அவ்வழக்கறிஞர் அந்த ஏற்பாட்டைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தார். மௌனம் சான்றாகக் கொள்ளப்பட்டது. மௌனத்தின் பொருளோ இருவர்க்கும் வெவ்வேறாக இருந்தது.

பிழை வெளிப்பட்ட பின், தம்மைத் தவறான வழியில் செலுத்தியதாக எண்ணிய செய்தியாளர், அப்புலனாய்வு அலுவலரை அவருடைய மேலதிகாரியிடமே காட்டிக்கொடுத்தனர். ஒரு பிழை, வாக்குத் தவறுதல் என்னும் மற்றொரு பிழையை ஈன்றது. 1974இல் தாங்கள் எழுதிய நூலில் இவ்விரண்டையும் அவர்கள் மறையாது ஒப்புக்கொண்டனர்.

தேர்தலுக்கு இருவாரமே இருந்த அந்நேரத்தில், ஒரு சொற்பிழை முழுவுண்மைக்கும் திரையாயிற்று. அதுவரை வெளியான செய்திகள் அனைத்தும் இத்தகையனவே என்று கூற ஆளுங்கட்சிக்கு வாய்ப்புக் கிட்டியது. நவம்பர் 7ஆம் நாள், ஐம்பது மாநிலங்களுள் நாற்பத்தொன்பதில் நிக்சன் வெற்றி பெற்றார். 1973 தொடக்கத்தில், போஸ்ட் நிறுவனத்துக்குச் சொந்தமான ஃபுளோரிடா தொலைக்காட்சி நிலையங்களின் உரிமத்தை எதிர்த்து மனுக்கள் எழுந்தன. வெளியீட்டாளர் கேதரின் கிரஹாமின் நிறுவனமே ஆட்டங்கண்ட நாள்கள் அவை.

ஆவணம் பேசியது

நாளிதழை மீட்டது மறைவான சொல் அன்று, வெளிப்படையான சாட்சியமே. 1973 மார்ச் 23ஆம் நாள், நீதிபதி ஜான் சிரிக்கா, மெக்கார்டு தமக்கு எழுதிய கடிதத்தை நீதிமன்றத்தில் படித்தார். வழக்கில் பொய்ச் சாட்சியம் கூறப்பட்டது என்றும், குற்றவாளிகள் வாய்திறவாதிருக்க நெருக்கப்பட்டனர் என்றும் அக்கடிதம் கூறியது. ஏப்ரல் 30இல் ஹால்டமன் பதவி விலகினார். மறுநாள், சீக்லர் அந்நாளிதழிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கோரினார்.

செனட் சபைக் குழுவின் விசாரணையில், ஜூலை 16ஆம் நாள், வெள்ளை மாளிகை உரையாடல்கள் ஒலிநாடாவில் பதியப்பட்டுவந்த செய்தி வெளியாயிற்று. அந்நாடாக்களை ஒப்படைக்குமாறு 1974 ஜூலை 24ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. புலன் விசாரணையைத் தடுக்க 1972 ஜூன் 23ஆம் நாளிலேயே நிக்சன் இசைந்ததை ஒலிநாடா காட்டியது. 1974 ஆகஸ்டு 9ஆம் நாள் அவர் பதவி துறந்தார். பெயர் கூறாச் சான்று வழியைத் திறந்துவிட்டது; வழக்கை முடித்துவைத்தவை பெயருள்ள சாட்சியும் ஆவணமுமே.

மறைந்திருந்தவர் யார்?

வுட்வர்டுக்கு வழிகாட்டிய மறைமனிதர் ஒருவர் 'டீப் த்ரோட்' என்னும் பட்டப்பெயரால் குறிக்கப்பட்டார். நிலத்தடி வாகன நிறுத்துமிடத்தில் நள்ளிரவுக்குப் பின் சந்தித்த அவர், பெரும்பாலும் புதுச்செய்தி தருவதினும், பிறர் தந்ததைச் சரியென்றோ தவறென்றோ காட்டிவந்தார். ஹால்டமனைப் பற்றிய பிழைக்குப் பின், பெரியோரைக் குறிவைத்துத் தவறவிட்டால் விசாரணையே பின்னடையும் என்று அவர் கடிந்துகொண்டார்.

அவர் புலனாய்வுத் துறையின் இரண்டாம் நிலைத் தலைவராக இருந்த மார்க் ஃபெல்ட் என்பது 2005 மே 31ஆம் நாளன்றுதான் உலகுக்குத் தெரிந்தது. 1979இல் வெளியான தம் நூலில் அவரே இதனை மறுத்திருந்தார். செய்தியாளரோ முப்பத்து மூன்று ஆண்டுகள் வாக்குக் காத்தனர். எனினும், ஃபெல்ட் தூய வாய்மையின் உருவம் என்று கூறிவிட இயலாது. 1972 மே மாதம் தலைவர் ஹூவர் மறைந்தபோது, அப்பதவி அவருக்குக் கிட்டாது வெளியாளர் ஒருவர்க்குச் சென்றது. நீதிமன்ற ஆணையின்றி வீடுகளில் சோதனையிட இசைவளித்த குற்றத்துக்காக, 1980இல் ஃபெல்டே தண்டிக்கப்பட்டார். மறு ஆண்டு அதிபர் ரேகன் அவரை மன்னித்தார். சொன்னவரின் நோக்கம் கலங்கியதாக இருப்பினும், சொன்ன செய்தி மெய்யாகலாம். அதனாலேயே, ஆராயவேண்டிய கடமை ஆளின் பெருமையால் குறைவதில்லை.

அதே இதழ், வேறொரு பாடம்

இப்பாடம் எளிதில் மறக்கப்படுவது என்பதற்கும் அவ்விதழே சான்றாயிற்று. 1980 செப்டம்பரில், போதைப்பொருளுக்கு அடிமையான எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி ஜேனட் குக் என்னும் செய்தியாளர் எழுதிய கட்டுரை போஸ்ட் இதழில் வந்தது. சிறுவனின் உண்மைப்பெயர் ஆசிரியர்க்கும் கூறப்படவில்லை. அவர்களும் வற்புறுத்திக் கேட்கவில்லை. நகரச் செய்திப் பகுதியின் பொறுப்பாசிரியராக அப்போது இருந்தவர் வுட்வர்டே. 1981 ஏப்ரலில் அக்கட்டுரைக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதன் பின்னரே, அச்சிறுவன் வெறும் கற்பனை என்பது வெளிப்பட, பரிசு திருப்பியளிக்கப்பட்டது. ஊரார்க்குப் பெயரை மறைத்தல் வேறு. ஆசிரியர்க்கும் மறைத்தல் வேறு. முன்னது அறம், பின்னது ஆபத்து.

படிப்போர் கடமை

பெயர் கூறாச் சான்றை முற்றும் விலக்கினால், எளியோர் வாய் அடைபடும். வலியோர் குற்றம் மறைபடும். ஆராயாது ஏற்றாலோ, நிரபராதியின் பெயர் கெடும். குற்றவாளியும் ஒரு சிறு பிழையைக் காட்டித் தப்புவான். இருவர் கூறினர் என்பதும் போதாது. ஒரே கோப்பைப் படித்த இருவர், ஒரு சான்றே ஆவர். ஒற்றர் ஒருவரையொருவர் அறியலாகாது என வள்ளுவர் வகுத்த நுட்பம் இங்குப் புலனாகும்.

சொன்னவர் அதனை எவ்வாறு அறிந்தார், கண்டாரா கேட்டாரா, சொல்வதால் அவருக்கு யாது பயன், அவரோடு தொடர்பிலாத பிறரும் அதனைச் சொல்கின்றனரா, ஆவணம் உண்டா என்னும் வினாக்கள் செய்தியாளர்க்கு மட்டும் உரியன அல்ல. நாளிதழை வகுப்பறைக்குக் கொண்டுசெல்லும் ஆசிரியரும், அதனைப் படிக்கும் மாணவரும் கேட்கவேண்டியவை அவை. பெயர் மறைந்திருக்கலாம், ஆராய்ச்சி மறைந்திருத்தல் ஆகாது. உண்மையைச் சொன்னால் மட்டும் போதாது. அதனை எவ்வாறு அறிந்தோம் என்பதையும் உண்மையாகச் சொல்லவேண்டும் என்பதே, 1972 அக்டோபர் 25ஆம் நாள் வெளிவந்த அச்செய்தி விட்டுச்சென்ற பாடம்.