சொன்னதைக் கேட்காத பகடை

தாயக்கட்டை ஆடியவர்களுக்குத் தெரியும். தாயம் வேண்டும் என்று கெஞ்சினால் மூன்று விழும். மூன்று வேண்டும் என்றால் பன்னிரண்டு விழும். யார் பேச்சையும் கேட்காததுதான் அதன் யோக்கியதை. நம் கதைகளில் வரும் சகுனியின் பகடை மட்டும் சொன்னதைக் கேட்டது. ஒரு ராஜ்யம் கை மாறிற்று. யாருக்கும் கட்டுப்படாத பகடையைச் செய்வது என்ன பெரிய வித்தையா என்று நினைக்கலாம். பெரிய வித்தைதான் என்கிறது சென்ற நூற்றாண்டின் சரித்திரம்.

இப்படிப்பட்ட பகடை யாருக்கு அவசியம் என்றால், முதலில் ரகசியம் எழுதுகிறவர்களுக்கு. செய்தியை எண்களாக்கி, ஒவ்வோர் எண்ணோடும் குருட்டாம்போக்கில் எடுத்த வேறோர் எண்ணைக் கூட்டி அனுப்பினால், அந்த எண் வரிசை கையில் இல்லாதவன் தலைகீழாக நின்றாலும் அதைப் படிக்க முடியாது. ஒரே நிபந்தனை, ஒரு வரிசையை ஒரு முறைதான் பயன்படுத்த வேண்டும். சோவியத் உளவாளிகள் இம்முறையையே கையாண்டார்கள். ஆனால் 1942-இல், ஜெர்மானியப் படை நாட்டுக்குள் நின்ற காலத்தில், எண் தாள்களில் ஆயிரக்கணக்கான பக்கங்கள் இரட்டையாகத் தயாராகிவிட்டன. அமெரிக்கர்கள் 1943-இல் தொடங்கி அந்தத் தந்திகளைப் பொறுமையாக ஒப்பிட்டார்கள். ‘வெனோனா’ என்று பெயர் பெற்ற அந்த வேலையின் பயனாக, அணுகுண்டு ரகசியத்தைக் கொடுத்த கிளாஸ் பூக்ஸ் 1950-இல் பிரிட்டனில் கைதானார். அந்தச் சங்கிலி நீண்டு, 1953-இல் ரோஸன்பர்க் தம்பதி அமெரிக்காவில் மின்சார நாற்காலியில் மாண்டார்கள். அந்தச் சங்கேத முறையில் குற்றமே இல்லை. புதிய எண்களுக்குப் பதில் பழைய எண்களே மறுபடி வந்தன, அவ்வளவுதான்.

நல்ல எண்களுக்கென்றே ஒரு யந்திரத்தை 1947-இல் அமெரிக்காவின் ராண்ட் ஆராய்ச்சிக் குழு ஓட்டிப் பார்த்தது. நொடிக்குச் சுமார் ஒரு லட்சம் ஒழுங்கற்ற மின் துடிப்புகளை எண்ணி, நொடிக்கு ஓர் இலக்கத்தை எடுத்தார்கள். சோதித்தபோது எண்களில் ஒரு சாய்வு தெரிந்தது. யந்திரத்தைத் திருத்தினார்கள்; சரியாயிற்று. ஒரு மாதம் ஓடிய பின் சாய்வு மறுபடி தலை காட்டியது! கடைசியில் ஒவ்வோர் அட்டையில் இருந்த இலக்கங்களையும் அதற்கு முந்திய அட்டையின் இலக்கங்களோடு கூட்டிக் கலக்கி, பத்து லட்சம் இலக்கங்களை 1955-இல் புத்தகமாக வெளியிட்டார்கள். இதில் யாரும் சதி செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். யந்திரத்தைச் சும்மா விட்டாலே போதும், ஒழுங்கு ஓசைப்படாமல் உள்ளே வந்து உட்கார்ந்து கொள்கிறது.

அந்த யந்திரத்தின் வேலையை இன்று நகக்கண் அளவுள்ள சிப் செய்கிறது. 1985-இல் அமெரிக்காவின் ஸைலிங்க்ஸ் கம்பெனி ஒரு விசித்திரமான சிப்பை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதன் உள் இணைப்புகளைத் தொழிற்சாலை முடிவு செய்வதில்லை. வாங்கியவரே தம் விருப்பப்படி அமைக்கலாம், பிடிக்காவிட்டால் மாற்றியும் அமைக்கலாம். எஃப்.பி.ஜி.ஏ. என்று அதற்குப் பெயர். உள்ளே இருப்பவை எல்லாம் சொன்னதைச் சொன்னபடி செய்யும் சாதுவான மின்கதவுகள். அவற்றைக் கொண்டு சொன்னதைக் கேட்காத பகடையைச் செய்வது எப்படி?

வழி வேடிக்கையானது. மூன்று பேர் வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருவரும் தம் காதில் விழுந்ததற்கு நேர்மாறாக அடுத்தவரிடம் சொல்கிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். ‘ஆம்’ என்று புறப்பட்ட செய்தி ‘இல்லை’ என்று திரும்பும். அந்தச் சுற்று ஓயவே ஓயாது. மின்கதவுகளையும் இப்படி ஒற்றைப்படையில் வட்டமாகக் கோக்கலாம். வெப்பத்தால் எலெக்ட்ரான்கள் அலைவதால் ஒவ்வொரு சுற்றும் இம்மியளவு முன்னும் பின்னும் தவறும். அந்தத் தவறுதான் பகடை. (சிப்பை அமைத்துக் கொடுக்கும் மென்பொருள் இந்த வட்டத்தைப் பார்த்து, ‘இது வீண் வேலை’ என்று சுருக்கிவிடப் பார்க்கும், அதைத் தடுப்பதே ஒரு தனி வேலை!) 2007-இல் சுனார், மார்ட்டின், ஸ்டின்சன் என்ற மூவர், பதின்மூன்று கதவுகள் கொண்ட 114 வட்டங்களைச் சேர்த்தால் நம்பகமான எண்கள் கிடைக்கும் என்று கணித முறையில் காட்டினார்கள். ஒரு வட்டம் இன்னொன்றைப் பார்த்து நடக்காது என்பது அந்தக் கணக்கின் அஸ்திவாரம்.

ஆனால் 1665-இலேயே டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் வேறொன்றைக் கண்டிருந்தார். உடல் நலமின்றிப் படுத்திருந்தவர், பக்கத்தில் பக்கத்தில் தொங்கிய இரண்டு ஊசல் கடிகாரங்கள் தாமாகவே தாளம் ஒத்து ஆடுவதைக் கவனித்தார். இரண்டையும் தாங்கிய சட்டத்தின் வழியே ஒன்றின் அசைவு மற்றதை எட்டியது. சிப்பில் அந்தச் சட்டத்தின் இடத்தில் இருப்பது எல்லா வட்டங்களுக்கும் பொதுவான மின்சாரக் கம்பி. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மார்க்கெட்டோஸ், மூர் என்ற இருவர் 2009-இல் அந்தக் கம்பி வழியே ஓர் அதிர்வைச் செலுத்தினார்கள். வட்டங்கள் தாளத்தில் மாட்டிக் கொண்டன. 2004-ஆம் ஆண்டின் பாங்க் கார்டு ஒன்றும் இந்தச் சோதனையில் தோற்றது. அவர்கள் வகுத்துக் காட்டிய திட்டப்படி, சுமார் 429 கோடி முறை ஊகிக்க வேண்டிய எண்ணைப் பதின்மூன்றே முறையில் பிடித்துவிடலாம். சகுனிக்குப் பகடையைத் தொடக்கூடத் தேவையில்லாமல் போயிற்று.

இதற்குப் பரிகாரமாக எண்களை இன்னும் கலக்கினால் போதும் என்று தோன்றலாம். அது ஆபத்து. நன்றாகக் கலக்கிய எண்கள், மூலம் செத்துப் போன பிறகும் பார்வைக்கு அழகாகவே இருக்கும். கஞ்சி போட்டுத் தேய்த்த வேஷ்டியைப் பார்த்து, கட்டியிருப்பவரின் காய்ச்சலைச் சொல்ல முடியுமா? அதனால், கலக்குவதற்கு முன்பே மூல எண்களைச் சோதிக்க வேண்டும் என்று 2018-இல் வெளியான அமெரிக்க அரசின் நெறிமுறை வற்புறுத்துகிறது. சிப் ஓடும்போதெல்லாம் உள்ளேயே ஒரு காவற்காரன் விழித்திருந்து, சந்தேகம் வந்தால் அபாயக் குரல் கொடுக்க வேண்டும். எண் தருவதை நிறுத்தவும் வேண்டும்.

அப்படி நிறுத்தினால் கார்டு வேலை செய்யாது. கடையில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். அந்த முணுமுணுப்பைக் கேட்டுக் கொள்ள எனக்குச் சம்மதம்.