ஊமத்தையும் பூச்சிக்கொல்லி நஞ்சுமுறிவும்

கொங்கு நாட்டின் மேட்டுப்பாளையம், காரமடை வட்டாரத் தோட்டங்களில் வாழை, பாக்கு, கறிவேப்பிலை விளைகின்றன. அங்கே வழியோரங்களிலும் தரிசுகளிலும் ஊமத்தை தானாக முளைக்கிறது. நச்சுச் செடியென ஒதுக்கப்படும் இதில் உள்ள அட்ரோபின்தான், தோட்டங்களில் தெளிக்கப்படும் பல பூச்சிக்கொல்லிகளின் நஞ்சுக்கு இன்று மருத்துவமனைகளில் தரப்படும் முதன்மையான முறிமருந்து.

ஊமத்தையைப் போலவே கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்தது ஐரோப்பியச் செடியான பெல்லடோனா. அதன் வேரிலிருந்து 1831இல் செருமானிய மருந்தாளர் மெய்ன் அட்ரோபினைப் பிரித்தெடுத்தார். மேற்கு ஆப்பிரிக்காவில் குற்றஞ்சாட்டப்பட்டோரைச் சோதிக்க ஊட்டப்பட்ட காலபார் அவரையிலிருந்து 1864இல் பைசோசுடிக்மின் என்னும் நஞ்சு பிரிக்கப்பட்டது. இந்த நஞ்சை அட்ரோபின் முறிக்கும் என்பதைக் கல்கத்தாவில் பிறந்த எடின்பரோ மருத்துவர் தாமஸ் பிரேசர் 1870ஐ ஒட்டிய ஆண்டுகளில் விலங்குச் சோதனைகளால் காட்டினார். அளவு மிகுந்தால் முறிமருந்தே கொல்லும் என்பதும் அச்சோதனைகளில் தெளிவாயிற்று.

கரிம பாசுபரசுப் பூச்சிக்கொல்லிகள் இதற்கு வெகுகாலம் பின்னரே வந்தன. செருமனியில் 1930களில் இவற்றை ஆராயத் தொடங்கிய கெரார்டு ஷ்ராடர் 1944இல் பாரத்தியானை உருவாக்கினார். காலபார் அவரையின் நஞ்சோடு வேதி உறவுடைய கார்பமேட்டுகளும் பின்னர் வயலுக்கு வந்தன. அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை இவை யாவும் முடக்குகின்றன. அதனால் எச்சில் பெருகும். மூச்சுக்குழாயில் சளி நிறையும். இதயத் துடிப்பு தளரும். 1958இல் கேரளத்தில் பாரத்தியான் கலந்த கோதுமை மாவால் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

பிரேசர் கண்ட முறிவு இந்நஞ்சுகளுக்கும் பொருந்தியது. அட்ரோபின் சளியை வற்றச் செய்து மூச்சைக் காக்கிறது. ஆனால் தசைத் தளர்ச்சியை நீக்காது. எனவே செயற்கைச் சுவாசமும் தேவைப்படலாம்.

ஊமத்தை விதைச் சாற்றை முன்கூட்டியே பெற்ற எலிகள் டைகுளோர்வாஸ் நஞ்சிலிருந்து கூடுதலாகப் பிழைத்ததை 2004இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. எனினும் விதையில் உள்ள அட்ரோபின் செடிக்குச் செடி, பருவத்துக்குப் பருவம் மாறுபடும். மருத்துவமனையிலோ நுரையீரல் தெளியும்வரை அளந்து அளந்து ஊசி போடப்படுகிறது. அரைத்த சாற்றில் அந்த அளவு கிடைப்பதில்லை. ஒரு நஞ்சின் மேல் இன்னொரு நஞ்சே சேரும். மருந்தடிக்கும்போது மயங்கியவருக்கு வீட்டில் சாறு புகட்டுவது, உயிர் காக்கும் நேரத்தையும் வீணாக்கும். அவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டு சேர்ப்பதே வழி.