நர்ஸ் உடையில் ஒரு நட்சத்திரம்

'வஹீத்' என்னும் அரபுச் சொல்லுக்குத் தனித்தவன் என்பது பொருள். அதன் பெண்பால் வடிவம் 'வஹீதா'. ஈடிணையற்றவள் என்று புகழ்ச்சியாகவும் கொள்ளலாம். துணையின்றித் தனித்து நிற்பவள் என்று பரிவோடும் கொள்ளலாம். செங்கற்பட்டில் 1938-ஆம் ஆண்டு பிறந்து, இந்தித் திரையுலகின் பேரழகியருள் ஒருவரெனப் புகழ்பெற்ற வஹீதா ரஹ்மானுக்கு இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்திவந்த படம் ஒன்று உண்டு. அதன் பெயர் 'காமோஷி'. பாரசீகத்திலிருந்து உருதுவுக்கு வந்த அச்சொல்லின் பொருள் மௌனம்.

சினிமா நடிகை ஒருவரைப் பற்றி இவ்விதழில் எழுதத்தான் வேண்டுமா என்று முகம் சுளிப்போர் இருப்பர். சினிமா ஆகுமா, ஆகாதா என்னும் ஃபத்வாவுக்குள் நாம் இப்பொழுது புகவில்லை. நம் சமுதாயப் பெண்மக்களின் வரலாற்றை எழுத வருவோர், புலவர் பெண்டிரையும் வள்ளல் பெண்டிரையும் எழுதிவிட்டு, திரையில் தோன்றியவர்களை மட்டும் பிறந்தேயிராதவர்கள் போல் விட்டுவிடுகின்றனர். வரலாறு என்பது நமக்குப் பிடித்தவர்களின் பட்டியல் அன்று. தவிரவும், இந்தப் படம் எழுப்புகின்ற கேள்வி சினிமாவோடு நின்றுவிடுவதுமன்று. அது நம் இல்லங்களின் உள்ளறை வரைக்கும் வருகிறது.

வஹீதாவின் தந்தையார் முஹம்மது அப்துர் ரஹ்மான் பழைய சென்னை மாகாணத்தில் மாவட்ட நிர்வாகத்தில் உயர்பதவி வகித்தவர். வீட்டுமொழி உருது, வேலை நிமித்தம் வாழ்ந்த ஊர்களோ தமிழும் தெலுங்கும் பேசுபவை. நான்கு பெண்மக்களுள் வஹீதாவே கடைக்குட்டி. வஹீதாவும் அக்காள் ஒருவரும் பரதநாட்டியம் பயின்றனர். முஸ்லிம் பெண்ணுக்குக் கற்பிக்க முதலில் ஆசிரியர் திருச்செந்தூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தயங்கினார் என்றும், ஜாதகம் கேட்டார் என்றும், அப்படியொன்று நம் வழக்கத்தில் இல்லையென்று அறிந்தபின் பிறந்த நாளைக் கேட்டுத் தாமே கணித்துப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார் என்றும் வஹீதா பின்னாளில் கூறியிருக்கிறார். ஜாதகத்தில் நமக்கு நம்பிக்கையில்லை. ஆயினும் தயக்கத்தை விட்டு இறங்கிவருவதற்கு அந்தப் பெரியவருக்கு ஒரு படிக்கட்டு வேண்டியிருந்தது போலும்!

கவர்னர் ஜெனரலாயிருந்த இராஜாஜி விசாகப்பட்டினத்துக்கு வந்தபோது அச்சிறுமியர் அவர் முன்னிலையில் ஆடினர். உறவினர் குறைகூறினர். கலையில் இழிவில்லை, நடத்தையே அதனை உயர்த்துவதும் தாழ்த்துவதும் என்ற கருத்தில் தந்தையார் உறுதியாக நின்றார். நாம் வாழும் பெசன்ட் நகரில் மத்திய அரசு அலுவலகங்கள் இயங்கும் ராஜாஜி பவனைக் கடந்து செல்லுந்தோறும், அந்நாளில் எதிரே ஆடிய சிறுமி யாரென்று அம்முதியவர் பிற்காலத்தில் நினைத்துப் பார்த்திருப்பாரா என்று நமக்குத் தோன்றுவதுண்டு. அருகே திருவான்மியூரில் கலாக்ஷேத்திரம் இருக்கிறது. 1936-இல் ருக்மிணி தேவி தொடங்கிய அந்நிறுவனம், சதிராட்டத்தை உயர்குடிப் பெண்களும் பயிலும் கலையாக்கியதில் பெரும்பங்கு கொண்டது. அந்த மாற்றம் நிகழ்ந்து சில ஆண்டுகள்கூட ஆகாத காலத்தில் ஒரு முஸ்லிம் அதிகாரி தம் பெண்களை ஆடவிட்டார் என்பதை மனத்திற் கொள்ளவேண்டும்.

வஹீதா விரும்பியது டாக்டராவதற்கு. பள்ளிப் பருவத்திலேயே தந்தையார் மறைந்தார், தாயாரோ நோயாளி. குடும்பத்தைத் தாங்கக் கைவசமிருந்தது நாட்டியம் ஒன்றே. 1955-இல் 'ரோஜுலு மாராயி' என்ற தெலுங்குப் படத்தில் ஆடினார். அதன் தமிழாக்கமான 'காலம் மாறிப்போச்சு'விலும், எம்.ஜி.ஆரின் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்திலும் ஆடினார். தெலுங்குப் படத்தின் வெற்றியே குருதத்தின் பார்வையை அவர்பால் திருப்பிப் பம்பாய்க்கு அழைத்துச் சென்றது.

அங்கே நடந்த ஒன்றை நம் வீட்டுப் பெண்கள் அறிந்திருத்தல் நன்று. 'சி.ஐ.டி.' (1956) படத்துக்கு ஒப்பந்தம் செய்கையில் பெயரை மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். யூசுப் கான் திலீப் குமாராகவும், மஹ்ஜபீன் மீனா குமாரியாகவும், மும்தாஜ் ஜஹான் மதுபாலாவாகவும் மாறியிருந்த காலம் அது. பதினெட்டு வயதைத் தொட்டும் தொடாததுமான அப்பெண் மறுத்துவிட்டாள். பெற்றோர் வைத்த பெயரே நிற்கட்டும் என்றாள். அத்தோடு விட்டாளா? மனத்துக்கு ஒவ்வாத உடையை அணியமாட்டேன் என்பதையும் ஒப்பந்தத்தில் சேர்க்கச் செய்தாள். 'ஹயா' என்று நாம் மத்ரஸாவில் நாள்முழுதும் பாடம் நடத்தும் பண்பு, சிலவேளை எதிர்பாராத இடத்தில் நம்மினும் உறுதியாக நிற்கிறது.

பின்னர் வந்தவை எல்லாம் அழகும் பகட்டும் நிறைந்த ஆண்டுகள். 'பதினான்காம் நாள் நிலவு' என்றே பொருள்படும் 'சௌத்வீன் கா சாந்த்' (1960) அவரை லக்னோ நகரத்து முழுமதியாகக் காட்டியது. ஆர்.கே. நாராயணனின் நாவலிலிருந்து எடுக்கப்பட்ட 'கைடு' (1965) அவரை வண்ணத்தில், நாட்டியக்காரி ரோஸியாக உச்சியில் நிறுத்தியது. இடையில் 1962-இல் சத்யஜித் ராயின் 'அபிஜான்' படத்தில் விற்கப்பட்ட கிராமத்து விதவையாக, ஒப்பனை குறைந்த முகத்தோடு வந்திருந்தார் என்பதைப் பலர் மறந்துவிட்டனர். எனினும் அது வங்கப்படம்; இந்தி ரசிகர்களின் கண்ணுக்கு அவர் நிலவாகவே இருந்தார்.

அந்த நிலவுதான் 1970-ஐ ஒட்டி வெளிவந்த 'காமோஷி'யில் மருத்துவமனை நர்ஸாக வந்தது. வண்ணப்படங்கள் பெருகிவிட்ட நாளில் இது கறுப்பு வெள்ளை. நகையில்லை, நாட்டியமில்லை. வெண்சீருடை, ஓயாத களைப்பு, வார்டின் நீண்ட தாழ்வாரம். தயாரித்தவரும் இசையமைத்தவரும் ஹேமந்த் குமார். இயக்கியவர் அசித் சென். வங்க எழுத்தாளர் ஆசுதோஷ் முகர்ஜியின் கதையை அவரே முன்னம் 'தீப் ஜ்வேலே ஜாய்' (1959) என்று சுசித்ரா சென்னைக் கொண்டு எடுத்திருந்தார். நம் சாவித்திரியும் தெலுங்கில் 'சிவரகு மிகிலேதி' (1960) என்று அதே நர்ஸாக நடித்தார். மூன்று மொழிகளில் மூன்று பேரழகியர் ஒரே வெள்ளுடையை விரும்பி அணிந்தது சிந்திக்கத்தக்கது.

கதை இதுதான். காதல் தோல்வியால் புத்தி பேதலித்தோரைக் குணப்படுத்த ஒரு தலைமை மருத்துவர் சோதனை செய்கிறார். நர்ஸ் ஒருத்தி நோயாளியிடம் அன்பு காட்ட வேண்டும். தாய்போலவும் காதலிபோலவும் நடிக்க வேண்டும். நோய் நீங்கியதும் விலகிவிட வேண்டும். நர்ஸ் ராதா ஒருவனைக் குணமாக்குகிறாள். அவன் நன்றி சொல்லிவிட்டு வேறொருத்தியை மணக்கப் போய்விடுகிறான். அந்தப் பாத்திரத்தில் வரும் தர்மேந்திரரைப் பெரும்பாலும் முதுகுப்புறமாகவே காட்டுவது கருத்தோடு செய்ததென்றே நாம் எண்ணுகிறோம். அவளுக்கு எஞ்சியது அம்முதுகுதானே! அடுத்த நோயாளியாக ராஜேஷ் கன்னா வருகிறார். அவள் மறுக்கிறாள், பின் இணங்குகிறாள். அவனும் தேறுகிறான். அவளோ தேறாத இடத்துக்குப் போய்விடுகிறாள். எந்த வார்டில் பணிசெய்தாளோ அங்கேயே நோயாளியாகச் சேர்க்கப்படுகிறாள். மருத்துவரிடம் அவள் சொல்வது, தான் ஒருபோதும் நடிக்கவில்லை, நடிக்கத் தனக்குத் தெரியாது என்பதே. இந்நாட்டின் தலைசிறந்த நடிகை ஒருவர் வாயால் இதைக் கேட்பது வேறுவகை அனுபவம்.

இந்தச் சிகிச்சை கதாசிரியரின் கற்பனை என்றுதான் பலரும் நினைப்பர். கிதாபு ஓதியவர்களுக்கு அது புதிதன்று. ஹகீம் இப்னு ஸீனா (மறைவு 1037) தம் 'அல்கானூன் ஃபித் திப்' நூலில், தலையைச் சார்ந்த நோய்களைக் கூறுமிடத்தில், 'இஷ்க்' என்னும் காதலையும் ஒரு நோயாகவே வகுத்து வைத்திருக்கிறார். நோயாளி காதலியின் பெயரைச் சொல்ல மறுத்தால், நாடியில் விரல் வைத்துக்கொண்டு ஊர், தெரு, பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லவேண்டும். எந்தப் பெயரில் நாடி தடுமாறுகிறதோ அவளே அவள் என்கிறார். மார்க்கம் அனுமதிக்கும் முறையில் இருவரையும் சேர்த்துவைப்பதே சிறந்த மருந்து. அது கூடாதாயின் அவன் நெஞ்சை வேறு பெண்பால் திருப்பலாம் என்றும் குறிப்பிடுகிறார். படத்தின் மருத்துவர் செய்தது இந்த இரண்டாம் வழியையே. ஆனால் அந்த 'வேறு பெண்'ணின் நாடி என்னவாயிற்று? அதைப் பற்றி அப்பெரு நூலிலும் சொல்லில்லை. மருந்துக்கு நோய் வராது என்று எண்ணினார்கள் போலும்.

பைத்தியக்காரனை 'மஜ்னூன்' என்கிறோம். ஜின் பிடித்தவன் என்பது அச்சொல்லின் அடிப்பொருள். சொல் அப்படியிருந்தும், நம் முன்னோர் அவனை மருத்துவமனைக்குள்தான் வைத்தனர். டமாஸ்கஸில் நூருத்தீன் 1154-இல் கட்டிய மாரிஸ்தானும், கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284-இல் நிறுவிய மன்சூரி மாரிஸ்தானும் பெயர்பெற்றவை. கெய்ரோவில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதிகள், மனநோயாளருக்கும் தனியிடம், பணிவிடைக்கு ஆண் ஊழியரும் பெண் ஊழியரும். செலவு முழுதும் வக்ஃபு வருமானத்திலிருந்து. துருக்கியின் எதிர்னேயில் சுல்தான் பாயஸீத் கட்டிய மருத்துவமனையில் மனநோயாளருக்காக இசைவாணர் அமர்த்தப்பட்டதைப் பயணி எவ்லியா செலபி எழுதிவைத்திருக்கிறார். மருத்துவர்களின் பெயர்கள் ஏடுகளில் நிற்கின்றன. பணிவிடை செய்த பெண்களை நாம் பெயர்சொல்லி அறிவதில்லை.

பெயர் நின்ற ஒருவர் ருஃபைதா (ரலி). ஹிஜ்ரி ஐந்தில் நடந்த அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅது இப்னு முஆத் (ரலி) அவர்களை, மஸ்ஜிதுந் நபவியில் அமைந்த ருஃபைதாவின் கூடாரத்துக்கே அனுப்பிவைத்தார்கள் பெருமானார் (ஸல்) அவர்கள். காலையிலும் மாலையிலும் அவ்வழியே செல்லும்போது நின்று நலம் கேட்டார்கள். பள்ளிவாசலுக்குள்ளேயே ஒரு பெண்ணின் மருத்துவக் கூடாரம்! இதை மிம்பரில் நம்மவர் எத்தனை முறை சொல்லியிருப்பர்?

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் ஓடவியலாமல் வெந்து மாண்டனர். மாண்டோர் 28 பேர். உச்சநீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அப்படிப்பட்ட காப்பகங்கள் மூடப்பட்டன. 2017-இல் வந்த மனநலச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடைசெய்தது. தர்காவுக்கு அழைத்துச் சென்றவர்கள் கொடியவர்களல்லர். பல ஆண்டு பார்த்துப் பார்த்துக் களைத்துப்போன தாய்மார்களும் மனைவியருமே அவர்களிற் பலர். துஆவையும் மருந்தையும் எதிரெதிராக நிறுத்தியது நம் தவறு. நோய்க்கு மருந்து தேடுமாறு ஏவிய மார்க்கம் அவ்வாறு நிறுத்தவில்லை. சென்னைக் கீழ்ப்பாக்கத்து மனநல மருத்துவமனையின் வரலாறு 1794-இல் தொடங்குகிறது. ஏர்வாடித் தீக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் முன்பே கதவு திறந்திருந்தது என்று பொருள்.

இன்றும் நம் வீடுகளில் மனம் நலிந்தவர் ஒருவர் இருந்தால் நோயாளியின் பெயரை மறைக்கிறோம். பெண் கொடுக்கல் வாங்கல் கெட்டுவிடும் என்கிறோம். பராமரிப்பவளோ பெரும்பாலும் மணமாகாத தங்கை, அல்லது திருமணமானால் சரியாகிவிடும் என்று சொல்லிக் கட்டிவைக்கப்பட்ட மனைவி. பின்னதை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். நிக்காஹ் ஓர் உடன்படிக்கை. மறைத்துவைத்த நோயின்மேல் கட்டப்பட்ட உடன்படிக்கைக்கு ஃபிக்ஹு நூல்கள் என்ன சொல்கின்றன என்பதை ஜமாஅத்துப் பெரியோர் அறிவர். 'காமோஷி'யின் ராதாவுக்குச் சம்பளமாவது இருந்தது. இப்பெண்களுக்கு அதுவுமில்லை, காலையும் மாலையும் நின்று நலம் கேட்பார் எவருமில்லை.

வஹீதாவின் தொழில் அதன்பின்னும் நெடிது சென்றது. 'ரேஷ்மா அவுர் ஷேரா' (1971) தேசிய விருதைத் தந்தது. 2021-ஆம் ஆண்டுக்கான தாதாசாகிப் பால்கே விருது 2023-இல் வழங்கப்பட்டது. 2018-இல் கமல்ஹாசனின் 'விஸ்வரூபம் 2' படத்தில் நினைவு மங்கிய முதிய தாயாக அவரைத் தமிழகம் கண்டது. பெயர் அப்பொழுதும் வஹீதா ரஹ்மான்தான்.

'காமோஷி'யின் ஒளிப்பதிவுக்குக் கமல் போஸ் ஃபிலிம்ஃபேர் விருது பெற்றார். அந்த ஆண்டின் சிறந்த நடிகைக்கான பரிசு 'கிலோனா' படத்துக்காக மும்தாஜுக்குப் போயிற்று. அதுவும் புத்தி பேதலித்த ஒருவனைத் தேற்றுவதற்காக வீட்டுக்கு அழைத்துவரப்பட்ட பெண்ணின் கதையே. அதே கதை தமிழில் 'எங்கிருந்தோ வந்தாள்' என்று 1970-இல் சிவாஜி கணேசனும் ஜெயலலிதாவும் நடித்து வெளிவந்தது. 'கிலோனா' என்னும் இந்திச் சொல்லுக்கு விளையாட்டுப் பொம்மை என்பது பொருள்.