மலை வகுத்த மௌசிம்

குறித்த பருவத்தில் மக்கள் கூடும் காலத்தை அரபு மொழி ‘மௌசிம்’ என்கிறது. ஹஜ்ஜுக் காலமும் மௌசிம், சந்தைக் காலமும் மௌசிம். மரக்கலம் பாய் விரிப்பதற்கு ஏற்ற காற்றின் காலத்திற்கும் மாலுமிகள் அப்பெயரையே இட்டனர். போர்ச்சுகீசியர் வழியாக ஆங்கிலத்தில் ‘மான்சூன்’ ஆனது இச்சொல்தான். ஆனால் மலபாருக்கும் சோழமண்டலத்திற்கும் மௌசிம் ஒன்றல்ல. ஒரே தீபகற்பத்தின் இரு கரைகளுக்கு இரு பருவங்களை வகுத்தது மேற்குத் தொடர்ச்சி மலை.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று இம்மலையில் மோதி மேலேறுகிறது. ஏறும்போது குளிர்ந்து, தன் நீரையெல்லாம் மலபாரில் பொழிந்துவிட்டு, கிழக்குச் சரிவில் வறண்ட வெப்பக்காற்றாய் இறங்குகிறது. சென்னைக்குத் தெற்கே நாவலூர்வாசிகள் அனலென உணரும் மேல்காற்று இதுவே. நண்பகலில் நிலம் கடலைவிட மிகுதியாகச் சூடேற, அதன்மேல் காற்று இலேசாகி எழும். அவ்விடத்தை நிரப்பக் கடற்காற்று பக்கிங்காம் கால்வாயைக் கடந்து நாவலூருக்குள் புகும். தாம்பரத்தை அது எட்டச் சற்று நேரமாகும். மேல்காற்று வலுத்த நாளிலோ கடற்காற்று கரையோரத்திலேயே தடைபட்டு நின்றுவிடும். கோடையின் கொடிய நாள்கள் அவையே. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் வெப்பம் 45 டிகிரி செல்சியஸைத் தொட்டது.

அக்டோபரில் காற்று திரும்புகிறது. வாடை வங்கக்கடலின் ஈரத்தைச் சுமந்து வர, சென்னைப் பகுதி தன் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் டிசம்பருக்குள் பெற்றுவிடுகிறது. 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று.

இவ்வேறுபாட்டைக் கடலோடிகள் நன்கறிந்திருந்தனர். கச்சான், வாடை, கொண்டல், சோழகம் எனக் காற்றுக்குப் பெயரிட்டு வழங்கிய நம் மரைக்காயர்களுக்கு அது ஏட்டறிவன்று, பிழைப்பு. ஹிஜ்ரி 895 (கி.பி. 1490) அளவில் கடல்நூல் இயற்றிய இப்னு மாஜித், பயண நாள்களை நௌரூஸ் தொட்டு எண்ணினார். பிறையைப் பின்பற்றும் ஹிஜ்ரி ஆண்டு பருவங்களினூடே நகர்ந்துகொண்டேயிருக்கும். காற்றோ கதிரவனைப் பின்பற்றுவது. வணக்கத்திற்கு ஒரு நாட்காட்டி, பாய்மரத்திற்கு ஒரு நாட்காட்டி என அம்மாலுமிகள் வாழ்ந்தது நாம் வியக்கத்தக்கதே.

ஆட்சியாளரும் இக்கணக்குக்குக் கட்டுப்பட்டனர். மஅபர் என அரபியர் அழைத்த நம் கரையில் 1340களில் மதுரை சுல்தானாக இருந்த கியாஸுத்தீன், இப்னு பதூதாவின் தூண்டுதலால் மாலத்தீவின்மீது படையெடுக்க விரும்பினார். மூன்று மாதங்களுக்கு அத்தீவுகளுக்குக் கப்பல் செல்ல இயலாது எனக் கடற்படைத் தலைவர் கூறிவிட்டார். சுல்தான் காத்திருக்க வேண்டியதாயிற்று. அப்படையெடுப்பு இறுதிவரை நடைபெறவேயில்லை.

சோழமண்டலத்தின் குறை அதன் கரையமைப்பு. நேர்க்கோடு போன்ற மணற்கரையில் பெருங்கப்பல் ஒதுங்க இடமில்லை. சென்னையில் அவை திறந்த கடலிலேயே நங்கூரமிட்டன. எனவே ஆங்கிலேயர் அக்டோபர் நடுவிற்குள் தம் கப்பல்களைத் திருகோணமலைக்கோ பம்பாய்க்கோ அனுப்பிவிடுவது வழக்கம். 1746 செப்டம்பரில் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே, மீட்புத்தொகைப் பேரத்திலும் டூப்ளேயுடனான பூசலிலும் நாள் கடத்தினார். அக்டோபர் நடுவில் புயல் அவர் கப்பல்களைச் சிதறடித்தது, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்.

அதன்பின் கர்நாடக நவாப் அன்வருத்தீனின் மைந்தர் மஹ்பூஸ் கான் அடையாற்றங்கரையில் சிறியதொரு பிரெஞ்சுப் படையிடம் தோற்றார். ஐரோப்பியப் பயிற்சியின் வெற்றியாக மட்டுமே இப்போர் பேசப்படுகிறது. அதற்கு முன் கடலில் காற்று நவாபுக்கு அளித்த வாய்ப்பையும் சேர்த்து எழுதினால்தான் அவ்வரலாறு முழுமையாகும் என்பது நம் கருத்து. உடைந்த கப்பல்களுடன் லா பூர்தொனே அந்தப் போருக்கு முன்னரே புறப்பட்டுவிட்டார்.