கெல்லாஸ் யாருடைய ஊர்?

ஈப்போவை அடுத்த பத்து காஜாவில், ராயா ஆற்றோரத்து மேட்டில் பாதியில் நின்றுபோன மாளிகையைக் கெல்லி கோட்டை என்கிறோம். கட்டியவர் வில்லியம் கெல்லி ஸ்மித். ஸ்மித் என்றால் கொல்லர். ஸ்காட்லாந்தில் தெருவுக்கு நாலு பேருக்கு அந்தப் பெயர் இருக்கும். கெல்லி என்பது அவருடைய தாய் பிறந்த வீட்டுப் பெயர். காட்டைக் குறிக்கும் கேலிக் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். அவர் 1870இல் பிறந்தது மோரே வட்டாரத்துக் கெல்லாஸ் கிராமத்தில். அந்த ஊர்ப்பெயர் குடும்பப்பெயராகவும் வழங்குகிறது, ஆனால் அரிது. 1921இல் எவரெஸ்ட் பயணத்தில் உயிர்விட்ட அலெக்சாண்டர் கெல்லாஸ் அந்தப் பெயருக்குரியவர். ஸ்மித் தாயைத் தன் பெயரில் சேர்த்துக்கொண்டார். ஊரை மண்ணுக்குச் சூட்டினார். கிந்தாவில் காடழித்து நட்ட ரப்பர்த் தோட்டம் 'கிந்தா கெல்லாஸ்' ஆயிற்று.

அங்கே பால்மரம் வெட்டிய தமிழரின் பெயர் வேறு வழியில் போயிற்று. முனியாண்டி என்று ஒருவரை வைத்துக்கொள்வோம், தகப்பன் கருப்பையா. தமிழ்நாட்டில் இருந்திருந்தால் முன்னெழுத்தில் ஊருக்கும் இடமிருந்திருக்கும். இங்கே மலேசியாவில் அவர் மகனுடைய அடையாள அட்டையில், மகன் என்று பொருள்படும் 'அனாக் லெலாக்கி' என்ற மலாய்த் தொடரின் சுருக்கத்தோடு முனியாண்டி மட்டும் நிற்கிறார். கருப்பையா உதிர்ந்துவிட்டார். தாயின் பெயர் எந்தத் தலைமுறையிலும் ஏறியதில்லை. இந்த முறையை முழுக்கக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. சாதிப் பின்னொட்டு இல்லாமல், அவரவர் பெயரோடு நிமிர்ந்து நிற்க இது வழிவிடுகிறது. ஆனால், பெற்றவளை விட்டுவிட்டதுதான் உறுத்துகிறது.

மாளிகை எழும்பிக்கொண்டிருந்த காலத்தில் விஷக்காய்ச்சல் தொழிலாளர்களை வாரிக்கொண்டு போனது. அவர்கள் கேட்டபடி ஸ்மித் மாரியம்மன் கோயில் கட்டித் தந்தார். தெய்வ உருவங்களுக்கு நடுவே தொப்பி வைத்த துரையின் சிலையும் கூரைமேல் நிற்கிறது. 1926இல் அவர் லிஸ்பனில் இறந்தார். கோட்டை முடியாமலே நின்றது.

பேராக்கில் தோட்டத்துப் பெரியவர்கள் கல்யாண வீட்டில் சந்தித்தால் 'எந்த ஊரு?' என்று கேட்பதைவிட 'எந்தத் தோட்டம்?' என்று கேட்பதே அதிகம். சேலத்திலோ திருச்சியிலோ இருந்த பாட்டனின் ஊர் அந்தப் பேச்சில் வராது. 'நாங்க கெல்லாஸுங்க' என்று ஒருவர் சொன்னால், 'அட, நம்ம பக்கந்தானா!' என்று மற்றவர் நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்காருவார்.