தாழ்சுருதிக் கலைஞரின் பெயர்

நான் பள்ளியில் பணியாற்றிய நாளில் என்னைச் சிலர் வாத்தியார் என்பர். சிலர் ஆசிரியர் என்பர். ஆள் ஒருவனே, ஆயினும் எனக்கு உகந்த பெயர் பின்னதே. மேனாட்டு இசையில் 'பேஸ்' என்னும் தாழ்சுருதிக் கருவியை வாசிப்போரிடையும் இவ்வாறு இரு பெயர்கள் வழங்குகின்றன.

'பேஸ் பிளேயர்' என்பது எளிய வழக்கு. 'வாசிப்பவர்' என்பதே அதன் பொருள். 'பேசிஸ்ட்' என்பதோ பியானிஸ்ட், வயலினிஸ்ட் என்பவற்றோடு ஒப்ப நிற்கும் பெயர். ஆளுயரத்தினும் பெரிய டபிள் பேஸ் கருவியில் வல்லவரான கேரி கார், 1967இல் நிறுவிய அனைத்துலகச் சங்கத்தின் பெயரிலும் 'பேசிஸ்ட்' என்பதே இடம்பெற்றுள்ளது. 1951இல் லியோ ஃபெண்டர் விற்பனைக்குக் கொணர்ந்த மின்சார பேஸ் கிதாரை வாசிப்போர்க்கும் அவ்விரு பெயர்களும் உரியவாயின.

ஆனால் பெயரே இன்றி உழைத்தவரும் உளர். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஜேம்ஸ் ஜேமர்சன் இவ்விரு கருவிகளையும் வாசித்தார். 1960களில் அவர் வாசித்த பாடல்களை உலகம் விரும்பிக் கேட்டது. இசைத்தட்டு உறைகளிலோ அவர் பெயர் இல்லை. 1971இல் வெளியான மார்வின் கேயின் இசைத்தட்டிலேதான் அது அச்சேறியது. அவர் 1983இல் மறைந்தார்.

ஒருவரை அவர் விரும்பும் பெயரால் அழைத்தல் பண்பு. உழைத்தவர் பெயரை மறவாது பொறித்தல் வரலாற்றின் கடமை. இனிப் பாடல் கேட்கும்போது, அடியில் ஒலிக்கும் அந்நாதத்தை எழுப்பியவர் யாரென வினவுங்கள்.